ஒரு குருணை ஆட்டம்

இமெல்டா பிறந்த பன்னிரண்டாம் நாள் மத்தியானம், ஆஸ்பத்திரியிலிருந்து சங்குமுனைக்கு வரும் வழியில், உப்பளம் முடிந்து பனங்காடு தொடங்கும் வளைவில், கஸ்மீர் தன் அப்பா விட்டுப்போன பழைய வெள்ளைக் காரை இன்ஜினை அணைக்காமல் ஓரங்கட்டினான். வலதுபக்கப் பின்கதவின் உள்ளட்டை, ரெக்ஸின் போர்த்திய அந்த ஹார்ட்போர்டு, வழிநெடுக லொடலொடவென்று ஆடிக்கொண்டே வந்திருந்தது. முதல் பிள்ளையை முதன்முதலாக ஊருக்குக் கொண்டுபோகிற வண்டி இப்படி ஓட்டைத் தகரமாகப் போய் நிற்பதா என்று அவனுக்கு வெட்கமாகிவிட்டது. இறங்கிப் பின்கதவைத் திறந்து, ஆஸ்பத்திரிச் சீட்டை எட்டாக மடித்து, கதவுக்கும் அட்டைக்கும் இடையே செருகினான். அட்டை அடங்கியது. அட்டை அடங்கியதும் டெல்பினின் மடியில் கிடந்த பிள்ளையின் மூச்சும் அடங்கியது.

டெல்பின் கையை நீட்டி அந்தக் காகிதத்தைப் பிடுங்கினாள். அட்டை மறுபடி லொடலொடத்தது, பிள்ளையின் நெஞ்சு மறுபடி ஏறி இறங்கியது. ஏன் அவள் பிள்ளையை உலுக்காமல் காகிதத்தைப் பிடுங்கினாள் என்று பிற்பாடு ஊரில் எல்லாரும் கேட்டார்கள், அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பன்னிரண்டு நாளாகக் கண் கொட்டாமல் அந்தச் சின்ன நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அது நின்ற நொடியில் உலகத்தில் வேறு என்ன நின்றுபோனது என்பது மட்டும் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்கு நேர்மேலே ஒரு பழைய ஃபேன், இதோ விழுகிறேன் இதோ விழுகிறேன் என்று இரவும் பகலும் ஆடிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது.

திரும்பிப் போனார்கள். டாக்டர் காருக்குள்ளேயே வந்து உட்கார்ந்து, கஸ்மீர் வெளியே நின்று வண்டியை ஆட்ட ஆட்ட, குழாயை வைத்துக் கேட்டார். நுரையீரலில் குறை இல்லை, இருதயத்தில் குறை இல்லை, எழுதிக்கொடுக்க மருந்தும் இல்லை என்றார். இறங்கும்போது, இந்தக் கதவை மட்டும் ரிப்பேர் பண்ணிவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

முதல் வாரம் கஸ்மீர் ஒருவனே ஓட்டினான். கல்யாணங்களுக்கு வாடகைக்குப் போய்க்கொண்டிருந்த வண்டி, இப்போது எங்கும் போகாமல், ஆனால் நிற்கவும் நிற்காமல், கோயில் தெருவுக்கும் கடற்கரைக்கும் நடுவே செக்கு மாதிரிச் சுற்றியது. வேறு வழிகளையும் பார்க்காமல் இல்லை. வீட்டு ஃபேனின் திருகைத் தளர்த்திப் பார்த்தார்கள். கரண்டை நம்பிப் பிள்ளையை விட முடியுமா, மூன்றாம் நாளே மின்சாரம் போய்விட்டது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினார்கள். கிலுகிலுப்பை ஆட்டினார்கள், டப்பாவில் புளியங்கொட்டை போட்டுக் குலுக்கினார்கள், பத்து மூச்சுவரை கூடவே வந்துவிட்டு இமெல்டாவின் நெஞ்சு தயங்கிவிட்டது. வெறும் சத்தம் அவளுக்கு ஆகவில்லை. எதையோ பிடித்துக்கொண்டும் அதைவிட்டுக் கழன்றுகொண்டும் இருக்கிற ஒரு பொருள், விழுந்துவிடுவோம் என்கிற பயத்தில் போடுகிற சத்தம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. எதிர்வீட்டுத் தெக்லா அக்கா, நாலு தெருவுக்குக் கேட்கிற குரல்காரி, கார் ஜன்னலில் தலையை விட்டுச் சொன்னாள்:

"ஏட்டி டெல்பின், எங்க வீட்டு மனுஷன் குறட்டைய மட்டும் இந்தப் புள்ள ஏத்துக்கிட்டுதுன்னா நீ நூறு வருஷத்துக்குக் கவலப்பட வேண்டாம். நானும் ஒரு நாளாவது தூங்குவேன்."

இரண்டாம் வாரம் கஸ்மீர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கி, வண்டி வலை உலர்த்தும் மணலில் போய்ச் சொருகிக்கொண்டது. அன்றோடு ஊர் கையைக் கொடுத்தது. முப்பது முப்பது வீடாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதரின் பேர் வைத்து ஒன்பது அன்பியங்கள் சங்குமுனையில் உண்டு. கோயிலைக் கூட்ட, பீடத்துக்குப் பூவைக்க, மாதா கெபிக்கு விளக்கேற்ற என்று அவற்றுக்கு முறை எழுதிக் கோயில் வாசல் பலகையில் ஒட்டுவது வழக்கம். அந்தத் தாளின் கடைசியில், கெபி விளக்குக்குக் கீழே, 'டெல்பின் வண்டி' என்று ஒரு வரி கூடியது, அவ்வளவுதான். காலையில் ஓட்டுகிறவர்கள் இன்ன அன்பியம், மாலையில் இன்ன அன்பியம், டீசலை மிச்சம்பிடிக்க ராத்திரியில் நிறுத்திவைத்துக் கையால் ஆட்டுகிறவர்கள் இன்ன அன்பியம். லாஞ்சுக்கு வாங்கிய டீசலில் ஆளுக்கு ஒரு கேனைப் பிள்ளைக்கென்று தனியே எடுத்துவைத்தார்கள்.

வண்டி சும்மா சுற்றுவானேன் என்று, ஊர் தன் காரியங்களையெல்லாம் அதிலேயே பார்த்துக்கொள்ளத் தொடங்கியது. மீன்கூடை அதில் போனது, பள்ளிப் பிள்ளைகள் அதில் போனார்கள், மணப்பெண் அதில் போனாள், படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களுக்கு நற்கருணை கொண்டுபோகிற பங்குச்சாமி அதில் போனார், பிரசவ வலி கண்டவள் அதில் போனாள், போன இடத்தில் இறந்தவரும் அதிலேயே திரும்பி வந்தார். எல்லாருக்கும் பக்கத்தில், பின்சீட்டின் வலது ஓரத்தில், மடியில் பிள்ளையும் கண்ணில் பிள்ளையின் நெஞ்சுமாக டெல்பின் இருந்தாள். ஏறுகிறவர்கள் அவளுக்கு வணக்கம் சொல்வதற்குமுன் கதவட்டைக்குக் காதைக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தால் பின்னால் நிற்கிற பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிவந்து வண்டியை ஆட்டினார்கள். கேட்காரரும் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கையால் ஆட்டினார். வெளியூர்க்காரர் யாராவது என்ன ஏது என்று கேட்டால், "புள்ள மூச்சு விடணும்லா" என்று பதில் வரும், கேட்டவரும் பையைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையையும் கதவில் வைப்பார்.

ஐப்பசி மழைக்குப்பின் கடற்கரைச் சாலைக்குப் புதிதாகத் தார் போட ஆள் வந்தபோது, ஊர்ப்பெண்கள் தார் டிரம்முகளுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். சாலை வழவழப்பானால் அட்டை ஆடாது. குழி போதவில்லை என்று மறியல் பண்ணுகிற ஊரை முதல் தடவையாகப் பார்க்கிறேன் என்றார் ஒப்பந்தக்காரர். போகிறபோது அவரே ஆள் வைத்து மூன்று இடத்தில் நன்றாக வெட்டிவிட்டுப் போனார்.

டெல்பினுக்கு இருபத்துமூன்று வயது. ஆறாம் வகுப்பிலிருந்து கன்னியர்மடப் பள்ளி விடுதியில் வளர்ந்தவள். ஜெபத்துக்கு மணி, சாப்பாட்டுக்கு மணி, படிப்புக்கு மணி, எல்லாவற்றுக்கும் ஒரு மணி அடித்து, எல்லாம் அதனதன் நேரத்துக்கு அதனதன் இடத்தில் இருந்துவிடும் என்று நம்பவைத்த பள்ளிக்கூடம் அது. இப்போது ஒரே ஒரு சத்தத்தை நம்பி ஒரு உயிர் இருந்தது, அந்தச் சத்தமோ கதவில் கழன்றுகொண்டிருந்தது. குளிக்க மட்டும் அவள் வண்டியைவிட்டு இறங்கினாள், அதுவும் தெக்லா அக்கா பிள்ளையோடு உள்ளே உட்கார்ந்து, நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், பேச்சு நின்றால் ஓடிவா என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தபிறகு.

ஆடுகிற பொருள் தேயும். அட்டையைக் கதவுத் தகரத்தோடு பிடித்திருந்தவை சுண்டுவிரல் நகம் அளவுக் கிளிப்புகள். அட்டையின் ஓரத்து ஓட்டையில் தலையும், தகரத்தின் ஓட்டையில் காலுமாக உட்கார்ந்திருப்பவை. மூன்றாம் மாதம் அவற்றில் இரண்டு உடைந்து, அட்டை பாதி தொங்கி, இமெல்டாவின் உதடு கருத்தது. கஸ்மீர் டவுனில் எல்லாக் கடையும் ஏறி இறங்கினான். இந்த வண்டிக்கு இந்தக் கிளிப்பு வருவது நின்று இருபது வருஷமாகிறது என்றார்கள். வேறு வண்டியுடையதை வாங்கிவந்து போட்டபோது அட்டை சுவரில் அறைந்த ஆணிபோல் உட்கார்ந்துகொண்டது. அதை நெம்பி எடுக்கும்வரை கஸ்மீரும் தெக்லா அக்காவும் இடதுபக்கக் கதவின் அட்டையைக் கையால் பிடித்து ஆட்டவேண்டியிருந்தது.

அதற்குப்பின் டெல்பின் தானே செய்யத் தொடங்கினாள். பழைய டூத் பிரஷ் காம்பை மெழுகுவர்த்தியில் காட்டி இளக்கினாள், சீப்பின் பல்லை அரைத்தாள், பனைமட்டை நரம்பைச் சீவினாள், சங்குச் சில்லை உரசினாள், வலை மிதப்பை வில்லையாக அறுத்தாள். ஊரே அவளுக்கு உடைந்த சாமான்களைக் கொண்டுவந்து கொடுத்தது. சங்குமுனையில் அந்த வருஷம் ஒருவரும் தேய்ந்த பிரஷைத் தூக்கிப்போடவில்லை. மெக்கானிக்குகள் 'ஆட்டம்' என்று சொல்வார்களே, ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியும் பொருந்தாமலும் இருக்கிற இடைவெளி, அதன் அளவுதான் காரியம். எத்தனையோ தடவை பண்ணிப் பார்த்து, பிள்ளையின் உதட்டு நிறத்தைப் பார்த்து, அவள் அதைக் கண்டுபிடித்தாள்: கிளிப்பின் தலைக்கும் அட்டைக்கும் நடுவே ஒரு அரிசிக் குருணை நுழையவேண்டும். குருணை நுழையாவிட்டால் அட்டை அடங்கிவிடும், முழு அரிசி நுழைந்தால் அட்டை விழுந்துவிடும். அந்தக் குருணையை முந்தானையில் முடிந்துவைத்து, ஒவ்வொரு கிளிப்பையும் அதை வைத்தே பார்த்தாள். ஊரிலும் அந்த அளவு பரவியது. படகின் துடுப்பைச் சரிபார்க்கிறவன் "ஒரு குருணை ஆட்டம் இருக்கட்டும்லே" என்றான். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டைப்பற்றிக் கேட்டவர்களிடம், சம்பந்திமார் குருணை ஆட்டத்தில்தான் இருக்கிறார்கள் என்றாள் ஒருத்தி.

ஒரு கிளிப்பு ஒன்பது நாள் வந்தது, ஒன்று பதினொரு நாள் வந்தது. கிளிப்புகள் போக, கிளிப்பு உட்காரும் ஓட்டைகளும் நைந்தன. ஹார்ட்போர்டு உமிழ்நீரில் ஊறின ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. விடுதியில் தையல் சிஸ்டரிடம் பிரம்படி வாங்கிக் கற்ற பொத்தான்துளைத் தையலை, வலை நைலான் நூலில், அட்டையின் ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் போட்டாள். தைத்த இடம் தாங்கியது, தைத்ததை அடுத்த இடம் உதிர்ந்தது. மற்றக் கதவுகளின் அட்டைகள் ஒவ்வொன்றாய் விழுந்தன. டேஷ்போர்டு பட்டி விழுந்தது. கூரை விளக்கின் மூடி விழுந்தது. பிப்ரவரி வந்தபோது வண்டியில் ஆட மிச்சமிருந்தது முதல்நாள் ஆடிய அந்த ஒரு அட்டைதான், அதிலும் நாலே ஓட்டை. ஒரு நாள் அவற்றை எண்ணிப் பார்த்தபோது, இது பெரிய நோன்புக் காலத்தைத் தாண்டாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கஸ்மீரிடம் சொல்லவில்லை. அவனும் எண்ணியிருந்தான், அவளிடம் சொல்லவில்லை.

பெரிய வியாழனன்று பங்குச்சாமி வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, அங்கியின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். விஷயம் அவளுக்குத் தெரியும். பெரிய வெள்ளியன்று சங்குமுனையில் வண்டி ஓடாது, உலக்கை இடிக்காது, இரும்போடு இரும்பு படாது. பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை ஒரு மனிதர் இன்னொரு மனிதரோடு பேசுவதும் இல்லை. வாய்பேசாப் புண்ணியம் என்று அதற்குப் பேர்: அந்த மூன்று மணி நேரத்தில் ஒவ்வொருவரும் இன்னொருவருக்கு ஒரு நன்மையைச் சொல்லாமல், காட்டிக்கொள்ளாமல் செய்துவிட்டு வரவேண்டும். பகையாளியின் முற்றத்தைக் கூட்டுவார்கள், கிழிந்த வலையை முடிவார்கள், குடம் நிறைப்பார்கள். மூன்று மணிக்குப்பின் வீடு திரும்பினால், யார் செய்தது என்று தெரியாத ஏதோ ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் சரியாகியிருக்கும்.

"நான் ஒன்ன வற்புறுத்தலம்மா" என்றார் சாமி. "வண்டி ஓடட்டும்னு நீ சொன்னா ஓடட்டும். ஆண்டவரும் ஒருகாலத்துல கைப்புள்ளையா இருந்தவர்தான். மணிக்குப் பதிலா அடிக்கிற மரக்கட்ட இருக்குல்லா, அதோட சுத்தியல் முள ஆடிக்கிட்டுத்தான் கெடக்கு. நேத்து நீ வண்டியோட வாசல்ல நின்னப்போ சும்மா அடிச்சுப் பாத்தேன். வண்டி நின்னுச்சு, புள்ள மூச்சு நிக்கல. நீ கவனிச்சியோ என்னமோ."

அவள் கவனித்திருந்தாள். இருநூற்றுப் பத்து மூச்சு என்று எண்ணியும் இருந்தாள்.

"மூணு மணி நேரமும் அடிப்பாங்களா சாமி?"

"ஒம்பது அன்பியமும் முறை போட்டாச்சு."

வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வண்டி ஓடியிருக்கும், ஒருவரும் முகம் சுளித்திருக்கமாட்டார்கள். ஆனால் ஒன்பது மாதமாக ரெக்ஸின் வாடையிலும் டீசல் புகையிலும் முதுகு ஒடிய உட்கார்ந்திருந்தவளுக்கு, கூரை உயர்ந்த ஒரு இடத்தில் கொஞ்ச நேரம் நிமிர்ந்து நிற்கவேண்டும் என்று பட்டுவிட்டது. சரி என்றாள். பிற்பாடு எத்தனையோ பேரை எத்தனையோ பேர் குற்றம் சொன்னபோதும், அவள் அந்தச் 'சரி'யை மட்டுமே குற்றம் சொன்னாள்.

வெள்ளியன்று பன்னிரண்டு மணிக்கு, அதுவரை ஓட்டாமல் கையால் ஆட்டிக்கொண்டிருந்த வண்டியைக் கோயில் முற்றத்து வேப்பமர நிழலில் விட்டுவிட்டு, டெல்பின் பிள்ளையோடு உள்ளே போனாள். நடை மறந்திருந்த கால்கள் தூணைப் பிடித்துக்கொண்டு போயின. கட்டை அடித்தது, அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் சுத்தியலின் முளை கழன்றுவிடுவதுபோல் திமிறித் திமிறிப் பிடித்துக்கொண்டது, இமெல்டாவின் மூச்சு அதனோடு போனது. கருப்புத் துணி மூடிய புனிதர் சுரூபங்களுக்கு நடுவே, ஆள் மாற்றி ஆள் அடிக்க, நன்மை செய்யப் போனவர்கள் போக மிச்ச ஊர் வாய்திறக்காமல் முழங்காலில் நின்றது.

அன்று காலையில்தான் பிலவேந்திரன் ஊருக்கு வந்திருந்தான். ஏழு வருஷமாகக் கப்பல் கப்பலாக ஏறி, கேபின்களின் உட்சுவர்ப் பலகை பொருத்தும் தச்சன். வண்டி ஓடாத நாளாதலால் மெயின்ரோட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கி ஆறு கிலோமீட்டர் நடந்து அவன் வந்தபோது மணி பதினொன்றரை. குளித்து வெளியே வந்தபோது ஊரின் வாய் மூடிவிட்டது. அவனிடம் எதையும் சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை. யாருக்கு என்ன நன்மை செய்யலாம் என்று தேடி நடந்தவனின் கண்ணில், திறந்த கதவும் தொங்கும் அட்டையுமாக அந்தக் கார் பட்டது. உள்ளே பிள்ளைத்துணி, பால்புட்டி, சின்னத் தலையணை. கைப்பிள்ளைக்காரி ஒருத்தி இந்தக் கதியில்தான் ஊர்போகிறாள் என்று அவன் மனம் இளகிவிட்டது. வீட்டுக்குப் போய்த் தன் பெட்டியை எடுத்துவந்தான்.

எத்தனை நல்ல வேலைக்காரன் அவன். உதிர்ந்த ஓரங்களுக்கு ரெசின் பூசிக் கெட்டிப்படுத்தினான். பிரஷ் காம்பும் சீப்புப் பல்லும் சங்குமான அந்தக் கோணல்மாணல் துண்டுகளைப் பிடுங்கிப் பக்கத்தில் குவித்தான். கப்பலுக்கென்று செய்த பித்தளைக் கிளிப்புகளை ரப்பர் வளையத்தோடு ஒவ்வொன்றாக அழுத்தி உட்காரவைத்தான். இரும்போடு இரும்பு படாமல், சுத்தியல் தொடாமல், உள்ளங்கையால் மட்டுமே அமுக்கினான். விழுந்து டிக்கியில் கிடந்த மற்ற அட்டைகளையும் எடுத்துப் பொருத்தினான். இரண்டரை மணி நேரம்.

அதைத் தெக்லா அக்கா பார்த்தாள். பகையாளி வீட்டுக்குக் குடம் சுமந்துகொண்டு முற்றத்தைக் கடந்தவள், நின்று, குடத்தை இறக்கி, இரண்டு கையையும் வீசி வேண்டாம் வேண்டாம் என்று காட்டினாள். பிலவேந்திரன் அதை, இவ்வளவு பெரிய நன்மை எதற்கு என்கிற உபசாரமாக எடுத்துக்கொண்டு, சிரித்து, உதட்டில் விரலை வைத்து, பேசாமலிருக்கும்படி அவளுக்கு நினைவூட்டினான். அவள் குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி கையை ஆட்டிக் காட்டினாள். ஆமாம், பிள்ளைக்காகத்தான் என்று அவன் தலையாட்டினான். தன் ஆயுளில் ஒரு நாளும் மூடாத அந்த வாய், அந்த ஒரு நாள் கட்டுப்பட்டு நின்றது. பேசியிருந்தால் பாவம் ஒன்றும் வந்திருக்காது என்று சாமி பிறகு அவளிடம் பலமுறை சொன்னார். அவள் அதைக் கேட்டு அழுதாள்.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் சுத்தியலின் முளை தெறித்தது. அடித்துக்கொண்டிருந்தவன் வெறும் கையால் கட்டையைத் தட்டினான், அது வெறும் சத்தமாக இருந்தது. டெல்பின் ஓடினாள். அவள் கால்களுக்கு நடை மட்டுமல்ல, ஓட்டமும் ஒரே நொடியில் திரும்பி வந்துவிட்டது. பின்சீட்டில் விழுந்து கதவைச் சாத்தினாள். கதவு, புது வண்டியின் கதவுபோல, 'டப்' என்று மெத்தென மூடியது.

அந்த மெத்தென்ற சத்தத்திலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

கஸ்மீர் இன்ஜினைக் கிளப்பினான். வண்டி முழுக்க உறுமியது, அட்டை அசையவில்லை. இருபது பேர் வந்து வண்டியைப் பிடித்துக் குலுக்கினார்கள். அது தூக்கிப்போட்டது, அட்டை அசையவில்லை. டெல்பின் அட்டையின் ஓரத்தில் நகத்தைச் செருகி இழுத்தாள், இரண்டு நகம் போனது, பித்தளை விடவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துக் குருணையை எடுத்து அந்த இடுக்கில் வைத்துப் பார்த்தாள், பைத்தியம்போல, ஒவ்வொரு கிளிப்பாக வைத்து வைத்துப் பார்த்தாள், எங்கும் நுழையவில்லை. பிலவேந்திரன் கூட்டத்துக்கு நடுவில், தான் என்ன செய்தோம் என்று யாரோ காதில் சொல்லக் கேட்டு, முற்றத்து மணலில் உட்கார்ந்துவிட்டான். கஸ்மீர் ஜாக்கிக் கம்பியை எடுத்துவந்து ஒரே நெம்பாக நெம்பினான். அட்டை நாலாகப் பிளந்து வெளியே வந்து விழுந்தது. விழுந்த அட்டைக்குப் பயம் ஏது. அதை எடுத்துத் தகரத்தில் அடித்தான், அடித்தான், அது அடி வாங்குகிற சத்தத்தை மட்டும் போட்டது.

இமெல்டாவின் உதடு சங்குப்பூ நிறத்துக்கு வந்தது. பிறகு நகங்கள். பிறகு கண்ணைச் சுற்றி.

டெல்பின் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து அணைத்து, அதன் தலையைத் தன் மோவாய்க்குக் கீழே வைத்துக்கொண்டாள். ஜெபம் வரவில்லை. விடுதியில் ஆங்கிலத்திலும் தமிழிலும் மனப்பாடம் பண்ணிய எந்த ஜெபத்துக்கும் முதல் சொல் வரவில்லை. அவளுக்குள் அப்போது மிச்சமிருந்தது பயம் ஒன்றுதான், அதுவும் இனி அடக்கி வைக்கத் தேவையில்லாத பயம். ஒன்பது மாதமாகக் கைவேலையிலும் கணக்கான அளவிலும் அதை அமுக்கி அமுக்கி வைத்திருந்தவள், முதன்முறையாக அதை விட்டுவிட்டாள். முழங்கால் நடுங்கியது, இடுப்பு நடுங்கியது, தோள் நடுங்கியது. சித்திரை வெயிலில், வேர்வை ஓட ஓட, அவளுடைய தாடை வெடவெடவென்று ஆடத் தொடங்கியது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று பிடிக்கப் போய்ப் பிடிக்கமுடியாமல் அடித்துக்கொண்டன.

அவள் மோவாய்க்குக் கீழே ஏதோ அசைந்தது. பிறகு கழுத்துக் குழியில் சூடாக ஒரு காற்றுப் பட்டது. பிறகு இன்னொன்று.

கூட்டம் சூழ்ந்துகொண்டது. மூன்று மணி அடிக்க மணியில்லாத நாளாதலால் பேசலாமா கூடாதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் அழுகிற பெண்ணிடம் சொல்கிற அந்த ஒரு சொல், பயப்படாதே என்பது, எல்லாருடைய நாக்கிலும் வந்துவிட்டது. தெக்லா அக்கா அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். கஸ்மீர் அவள் வாயைத் தன் கையால் பொத்தினான். "சொல்லிராதீங்க யக்கா" என்றான். "யாரும் சொல்லிராதீங்க."

அதற்குப்பிறகு டெல்பின் வண்டியில் இருக்கவில்லை. வீட்டுக்குப் போனாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள், கடைக்குப் போனாள், கோயிலுக்குப் போனாள், போகிற இடமெல்லாம் அவள் பற்களின் சத்தம் கூடவே போனது. தூங்கும்போதும் அது நிற்கவில்லை, கஸ்மீர் அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தான். வண்டி மறுபடி கல்யாணங்களுக்குப் போனது. பிலவேந்திரன் பிளந்த அட்டைக்குப் பதிலாகப் புதிது செய்து போட்டான். உள்ளே உட்கார்ந்தால் மூச்சு விடுவதே கேட்கிற அளவுக்கு அமைதியான வண்டி என்று அதைப் புகழ்ந்தார்கள்.

ஊருக்குத்தான் புதுக் கவலை வந்தது. மனுஷிக்குப் பயம் எத்தனை நாளைக்கு நிற்கும், ஒரு நாள் பழகிவிட்டால் என்ன ஆகும் என்று அன்பியங்கள் கூடிப் பேசின. பலகையில் 'டெல்பின் வண்டி' என்றிருந்த இடத்தில் 'டெல்பினுக்குப் பயம்' என்று எழுதி முறை போட்டார்கள். முறைப்படி தினம் ஒருவர், மனமில்லாமல், ஏதாவது ஒரு திகிலைத் தயார்பண்ணிக்கொண்டு வந்தார்: கடல் மூன்று அடி உள்வாங்கியிருக்கிறது, பக்கத்து ஊரில் ஏதோ காய்ச்சல், கரையில் ஒரு செருப்பு ஒதுங்கியிருக்கிறது. சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்கமுடியாமல், கொண்டுவந்த பழத்தையோ மீனையோ வைத்துவிட்டு ஓடினார்கள்.

தெக்லா அக்காவின் முறை ஒரு திங்கட்கிழமை வந்தது. வாசல்படியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"காலைலருந்து யோசிக்கேன்ட்டி. ஒன்னயப் பயமுறுத்துறதுக்கு எனக்கு ஒண்ணும் வரமாட்டேங்கு. வந்தாலும் சொல்ல மனசு வரல."

தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் டெல்பின். மடியில் இமெல்டா, வாய் லேசாகத் திறந்து, பால் மணக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்தில் எதற்கோ சிரித்தாள். டெல்பினின் பதில், பற்களுக்கு நடுவே உடைந்து உடைந்து, துண்டு துண்டாக வந்தது.

"யாரும் வரவேண்டாம் யக்கா. எல்லார்ட்டயும் சொல்லிருங்க. இவளப் பாத்துக்கிட்டு இருந்தாலே எனக்குப் போதும்."